நடுப்படி இல்லாத ஏணி: சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியின் கதை

முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக் காலம் வந்துவிட்டால் சிறிய தமிழ்ப்பள்ளிகளில் பணிபுரியும் எங்களைப் போன்றவர்களுக்கு உறக்கம் குறைந்துவிடும். எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், யார் யார் பதிந்துவிட்டு மனம் மாறுவார்கள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்போம். ஒரு பிள்ளை கூடினால் மகிழ்ச்சி. ஒரு பிள்ளை குறைந்தால் ஆசிரியர் அறையில் பேச்சே எழாது.

அப்படியொரு நாளில் ஒரு தாயார் தம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளியைப் பார்க்க வந்தார். வகுப்பறைகளைக் காட்டினேன், நூலகத்தைக் காட்டினேன், கணினி அறையைக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்த அவர், புறப்படும் வேளையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆறாம் ஆண்டு முடிச்ச பிறகு தமிழ்ல எங்க படிப்பா, சார்?"

இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இருக்கும், எசுபிஎம் தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்கலாம் என்று சொன்னேன். "அது தெரியும் சார். தமிழ்ல எங்க படிப்பான்னு கேட்டேன்" என்றார். என்னிடம் விடை இல்லை. அந்தப் பிள்ளை எங்கள் பள்ளிக்கு வரவில்லை.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில் ஒரு விரிவுரையாளர் போகிற போக்கில் சொன்ன வரி. "தென்கிழக்காசியாவில் தமிழில் இடைநிலைக் கல்வி தந்த பள்ளி ஒன்று சிங்கப்பூரில் இருந்தது, அதுவும் மூடப்பட்டுவிட்டது." அப்போது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டோம். அந்தத் தாயாரின் கேள்விக்குப் பிறகுதான் அந்தப் பள்ளியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதுவே உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி. (நாம் இடைநிலைப்பள்ளி என்பதைச் சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி என்பர்.) படித்ததை ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

துறைமுகத்து மக்கள் எழுப்பிய பள்ளி

மலாயாவின் தோட்டப்புறப் பள்ளிகள் பிறந்த கதை நமக்குத் தெரியும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று தொழிலாளர் சட்டம் கூறியது. பால்மரக் காட்டின் நடுவே, சில இடங்களில் மாட்டுக் கொட்டகைக்கு அருகே, ஒரு கங்காணியோ எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ பாடம் நடத்திய பள்ளிகள் அவ்வாறு தோன்றின. பள்ளி எப்படி இருந்தாலும் அது இருக்கவேண்டும் என்ற கட்டாயம் ஒன்று இருந்தது.

சிங்கப்பூரில் அந்தக் கட்டாயம் பெரிதாக வேலை செய்ய வழியில்லை. அது துறைமுக நகரம். தமிழர்கள் கப்பல்துறையிலும், நகராண்மைப் பணிகளிலும், கடற்படைத் தளத்திலும், சிறு வணிகத்திலும் சிதறிக் கிடந்தனர். தமிழ்ப்பள்ளி வேண்டுமென்றால் ஒரு சங்கமோ, ஒரு சமய அமைப்போ, சில தனிமனிதர்களோ முன்வரவேண்டும். இராமகிருஷ்ண மிஷன் நடத்திய விவேகானந்தர், சாரதாமணி பள்ளிகளைப் போல அங்குத் தோன்றிய தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலும் அவ்வகையில் எழுந்தவையே.

இன்னொரு தடையும் இருந்தது. வேலைக்கு வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆடவர்கள். 1957-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதுகூடச் சிங்கப்பூர் இந்தியர்களில் பெண்களைப் போல இரு மடங்குக்கும் மேல் ஆண்கள் இருந்தனர். பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளிக்கு என்ன வேலை?

இங்கேதான் கடையநல்லூர் மக்கள் வேறுபட்டு நிற்கின்றனர். திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்கள் அவர்கள். நெசவைத் தொழிலாகக் கொண்டிருந்தோர் பலர். தறி நலிந்து வறுமை சூழ்ந்தபோது கடல் கடந்தனர். மற்றவர்களைப் போல் தனித்து வராமல் மனைவி மக்களோடு வந்து குடியேறியது அவர்களின் தனித்தன்மை. தஞ்சோங் பகார் வட்டாரத்தில், துறைமுகத்தை ஒட்டி அவர்கள் குடியிருந்தனர். ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்திற்குத் தோள் கொடுத்தனர். குடும்பம் இருந்ததால் பிள்ளைகள் இருந்தனர். பிள்ளைகள் இருந்ததால் பள்ளியின் தேவை எழுந்தது.

1941-ஆம் ஆண்டில் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைக் கண்டனர். அடுத்த ஆண்டின் பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுப் பஞ்சமும் அச்சமும் முடிந்தது 1945 செப்டம்பரில். அதற்கு மறு ஆண்டே, 1946-இல், அந்த அமைப்பினர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிவிட்டனர். அரிசிக்கே பங்கீடு இருந்த காலம் அது. அந்நிலையில் ஏழை உழைப்பாளிகள் முதலில் நினைத்துப் பார்த்தவற்றுள் ஒன்றாகப் பள்ளிக்கூடம் இருந்தது என்பதை எண்ணும்போது, வசதியான கட்டடத்தில் அமர்ந்துகொண்டு சோர்வடையும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கு அவர்கள் வைத்த பெயரையும் கவனிக்கவேண்டும். உமறுப் புலவர் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், எட்டயபுரத்தோடு தொடர்புடையவர், வள்ளல் சீதக்காதியால் ஆதரிக்கப்பெற்றவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் தமிழ்க் காப்பிய மரபில் பாடிய சீறாப்புராணம் அவருடைய படைப்பு. தம் சமயமும் தம் மொழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று சொல்ல விரும்பிய ஒரு சமூகத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது.

நடுவில் ஒரு படி

இனி, அக்காலத் தமிழ்க் கல்வி எப்படி இருந்தது என்பதைப் பார்ப்போம்.

அடியில் தொடக்கப்பள்ளிகள் இருந்தன. உச்சியில் என்ன இருந்தது? 1950-களின் தொடக்கத்தில், அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய மொழித்துறை ஒன்று அமைக்கும் பேச்சு எழுந்தது. அத்துறையில் தமிழுக்கு முதலிடமா, சமற்கிருதத்திற்கு முதலிடமா என்ற வாதம் வெடித்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற முழக்கத்தோடு நிதி திரட்டினார். தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் தங்களால் இயன்றதை அள்ளித் தந்தனர். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. தமிழுக்கு அங்கு இடம் கிடைத்தது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. இன்றும் நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

ஆக, அடியில் தொடக்கப்பள்ளி. உச்சியில் பல்கலைக்கழகத் துறை. நடுவில் ஒன்றுமில்லை. தமிழில் ஆறு ஆண்டு படித்த பிள்ளை தமிழிலேயே மேலே ஏற ஒரு படி இல்லை.

அரசியல் அந்த நேரத்தில் ஒரு கதவைத் திறந்தது. சீன உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் கிளர்ச்சியை அடுத்து 1955-இல் சிங்கப்பூரில் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1956-இல் வெளிவந்த அதன் அறிக்கை, சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1959-இல் தன்னாட்சி அமைந்தது. 1960-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நான்கு மொழிகளிலும் நடத்தப்பட்டது. அதே 1960-இல்தான் உமறுப் புலவர் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. கடையநல்லூர் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, சிங்கப்பூரின் எந்தத் தமிழ்த் தொடக்கப்பள்ளியில் படித்து வெளிவந்த பிள்ளைக்கும் தமிழ்வழியில் மேலே படிக்க இருந்த ஒரே வாசலாயிற்று.

இதே காலத்தில் நம் நாட்டில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, 1960-ஆம் ஆண்டு ரகுமான் தாலிப் அறிக்கை, 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். இவற்றின் வழி அரசு உதவிபெறும் இடைநிலைக் கல்வி மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே என்றாயிற்று. சீன இடைநிலைப்பள்ளிகளின் முன் இரண்டு வழிகள் இருந்தன: அரசு முறைக்கு மாறுவது, அல்லது உதவியைத் துறந்து தனியார் பள்ளியாக நிற்பது. நின்றவற்றின் தொடர்ச்சியாக இன்று ஏறத்தாழ அறுபது சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் உள்ளன. தமிழர்களின் முன் அந்தத் தேர்வே வைக்கப்படவில்லை. மாற்றுவதற்கோ காப்பாற்றுவதற்கோ நம்மிடம் ஒரு தமிழ் இடைநிலைப்பள்ளி இருந்தால்தானே! நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்து, ஓராண்டு ரிமூவ் வகுப்பில் அமர்ந்து, வேற்றுமொழிப் பள்ளிக்குள் நுழைந்தனர்.

எண்ணிக்கை ஏன் குறைந்தது?

22 ஆண்டுகள். 1960-இல் உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-இல் மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்பட்டது. யாரும் அதற்குத் தடை விதிக்கவில்லை. தமிழ் அன்றும் இன்றும் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பின் ஏன் வகுப்பறைகள் காலியாயின? காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, மக்கள்தொகை. 1957-இல் சிங்கப்பூர் மக்களில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. 1970-இல் 7 விழுக்காடு. 1980-இல் 6.4 விழுக்காடு. இந்தியருள்ளும் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே தமிழர். பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக 1968-இல் அறிவித்து 1971-இல் வெளியேறியபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த இந்தியக் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. 1965-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி பெறுவதும் கடினமாயிற்று.

இரண்டாவது, வேலை. 1972-இல் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. நூறு பேர் முதுகில் சுமந்ததைப் பளுதூக்கி ஒன்று தூக்கத் தொடங்கியது. துறைமுக உழைப்பை நம்பி எழுந்த ஒரு குடியிருப்பின் அடித்தளம் அங்கே அசைந்தது. மகனும் தன்னைப் போலத் துறைமுகத்திற்கே போவான் என்று எந்தத் தந்தையும் இனி நினைக்க முடியாது. தொழிற்சாலை, அலுவலகம், வங்கி எல்லாம் ஆங்கிலம் கேட்டன.

மூன்றாவது, வீடு. 1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களைக் கடைவீடுகளிலிருந்தும் அத்தாப்புக் குடிசைகளிலிருந்தும் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்த்தது. வாழ்க்கை வசதி உயர்ந்தது. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரே தெருவில் கூடி வாழ்ந்த மக்கள் குவீன்ஸ்டவுன், தோ பாயோ, அங் மோ கியோ என்று திசைக்கொன்றாகப் பிரிந்தனர். புதிய நகரங்களில் வீட்டு வாசலிலேயே ஆங்கிலப் பள்ளி இருந்தது. நகர மையத்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்குப் பேருந்து ஏறி வரவேண்டியிருந்தது. பள்ளி நின்ற இடத்திலேயே நின்றது, பிள்ளைகள் நகர்ந்துவிட்டனர்.

நான்காவது, மேற்படி. உயர்நிலைப் பள்ளியைத் தமிழில் முடித்தால் அடுத்து எங்கே? தமிழில் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இல்லை. சீனமொழி மாணவர்களுக்காவது நன்யாங் பல்கலைக்கழகம் இருந்தது. அதுவும் 1980-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ் மாணவனுக்கு அதற்கு முன்பே அந்த வழி இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழைப் படிக்கலாம் என்பது வேறு. பல்கலைக்கழகத்தில் தமிழில் படிக்கலாம் என்பது வேறு. அந்தத் தாயார் எனக்குக் கற்றுத்தந்த வேறுபாடும் இதுதான்.

ஐந்தாவது, பெற்றோரின் முடிவு. 1959-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஆங்கிலவழிக்குச் சென்றோர் ஏறத்தாழ 47 விழுக்காடு. சீனவழிக்குச் சென்றோர் ஏறத்தாழ 46 விழுக்காடு. தமிழ்வழிக்குச் சென்றோர் அந்த ஆண்டிலேயே 1 விழுக்காட்டுக்கும் கீழ். கால் நூற்றாண்டு கழித்து, 1984-இல், ஆங்கிலவழி 99 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி என்று அரசு 1983-இன் இறுதியில் அறிவித்தபோது, அந்த அறிவிப்பு பெற்றோர் முன்பே எடுத்துவிட்ட முடிவுக்கு முத்திரை குத்தியது போலத்தான் இருந்தது.

ஒரு சிறு கணக்கு

ஆசிரியர்கள் படிக்கும் பதிவு என்பதால் ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். இது விளக்கத்திற்காக நான் புனைந்த கணக்கு. அந்தப் பள்ளியின் உண்மை எண்கள் அல்ல.

ஒரு நகரின் தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலுமாக ஆண்டுக்கு 160 பிள்ளைகள் ஆறாம் வகுப்பை முடிக்கிறார்கள் என்று கொள்வோம். பத்தில் நால்வர் தமிழ் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். 64 பிள்ளைகள், 32 பேர் கொண்ட இரண்டு வகுப்புகள். நல்ல நிலைமைதான்.

சில ஆண்டுகளில் தொடக்கப்பள்ளிகளின் எண்ணிக்கை பாதியாகிறது: 80 பிள்ளைகள். தமிழ்வழியின் எதிர்காலம் குறித்த ஐயமும் சேர்ந்துகொள்வதால் இப்போது பத்தில் மூவர் மட்டுமே மேலே செல்கின்றனர். 24 பிள்ளைகள். ஒரு வகுப்புகூட நிரம்பவில்லை. கீழே பாதி குறைந்தபோது மேலே பாதியைத் தாண்டிக் குறைந்துவிட்டது.

இத்தோடு முடியவில்லை. 64 பேருக்கும் கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல் ஆசிரியர்கள் வேண்டும்; 24 பேருக்கும் அவர்கள் அனைவரும் வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் பாடத் தேர்வு குறையும். ஆய்வுக்கூடத்திற்குச் செலவிட மனம் வராது. விளையாட்டுக் குழு அமைக்க ஆள் இருக்காது. இதைப் பார்க்கும் கவனமான பெற்றோர் முதலில் வெளியேறுவர். அவர்கள் வெளியேறுவதால் எண்ணிக்கை மேலும் குறையும். சிறிய பள்ளியை நோய் கொல்வதைவிட, நோய் இருக்கிறது என்ற பேச்சு விரைவாகக் கொல்லும்.

இந்தக் கணக்கில் கெட்டவர் யாருமில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்ததையே செய்தது. அந்த நல்ல முடிவுகளின் கூட்டுத்தொகைதான் பூட்டிய கதவு.

நம் பக்கம் திரும்பினால்

சிங்கப்பூரின் கதையைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1957-இல் மலாயாவில் 880-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520-க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது சில மறைந்தன, சில இணைந்தன. 2010 அளவில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை அடுத்த பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 80,000-க்கு இறங்கிவிட்டது. 150 பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. 30-க்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பு நடத்தும் நிலை.

தஞ்சோங் பகாரில் நடந்தது நமக்கும் நடந்திருக்கிறது. தோட்டத்து மக்கள் பட்டணங்களுக்கும் புறநகர் வீடமைப்புகளுக்கும் குடிபெயர்ந்தனர். பள்ளியோ செம்பனைக் காட்டின் நடுவே தனியாக நிற்கிறது. மக்கள் குடியேறிய நகரத்தில் தமிழ்ப்பள்ளிக்கு இடமில்லை. இடமிருக்கும் தோட்டத்தில் மக்கள் இல்லை. பள்ளிகளை மக்கள் வாழும் இடத்திற்கு மாற்றும் முயற்சிகள் வெற்றி பெற்ற இடங்களில் எண்ணிக்கை உயர்ந்திருப்பதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆகவே எண்ணிக்கைக் குறைவை எப்போதும் மொழிப்பற்றின் குறைவு என்று பழிப்பது சரியாகாது. சில இடங்களில் அது வெறும் பேருந்துக் கட்டணத்தின் கதை.

ஓர் ஒப்புதல்

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றை மறைப்பது முறையாகாது. என் மூத்த மகன் தமிழ்ப்பள்ளியில் படிக்கவில்லை.

அப்போது நான் வேறு மாநிலத்தில் பணியில் இருந்தேன். என் மனைவியின் அலுவலகத்திற்கு அருகில் தேசியப் பள்ளி இருந்தது; தமிழ்ப்பள்ளி பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காரணம் உண்மையானதுதான். ஆனால் ஊரார் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாகச் சென்று கேட்டவன் நான். ஒரு வீட்டில் ஒரு பெரியவர், "உங்க மகன் எங்க படிக்கிறான், சார்?" என்று கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினார். அந்தத் தேநீர் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

என் இளைய மகளை நான் பணிபுரியும் பள்ளியிலேயே சேர்த்தேன். அதனால் முன்னது சரியாகிவிடவில்லை. என் மகன் தமிழ் பேசுவான். தமிழ்ச் செய்தித்தாளை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். உமறுப் புலவர் பள்ளியை மூடியவர்கள் யார் என்று தேடிக்கொண்டு போன எனக்கு, அதே போன்ற ஒரு முடிவின் கீழே என் கையொப்பமும் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து வேறு பள்ளியைத் தேர்ந்த பெற்றோரைப் பார்த்து நான் ஏசுவதில்லை. அவர்களிடம் காரணத்தைக் கேட்கிறேன். வண்டி இல்லையா, பாலர்பள்ளி இல்லையா, மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா? ஏசினால் ஒரு பிள்ளையும் வராது. காரணத்தைக் கேட்டு அதில் ஒன்றைத் தீர்த்து வைத்தால் சில வேளைகளில் ஒரு பிள்ளை வரும்.

பெயர் மட்டும் மிஞ்சவில்லை

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்றபோது தஞ்சோங் பகாரில் நடந்தேன். 2011 வரை நம் மலாயா இரயில் சென்று நின்ற பழைய நிலையம் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். மசாலா அரைத்த அம்மிகளின் ஓசையும் பள்ளி மணியோசையும் கேட்ட தெருக்கள் எவை என்று என் மகள் கேட்டாள். இவற்றில் ஏதோ ஒன்று என்று கையைச் சுற்றிக் காட்டினேன்.

ஆயினும் கதை பூட்டிய கதவோடு முடிந்துவிடவில்லை. பள்ளி மூடப்பட்ட மறு ஆண்டு, 1983-இல், உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் தொடங்கப்பட்டது. தங்கள் பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத உயர்நிலை மாணவர்கள் பள்ளி நேரத்திற்குப் பின் அங்கு வந்து தமிழ் படிக்கின்றனர். நாடெங்கும் சிதறிய பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டும் ஏற்பாடு அது. முழுநாள் பள்ளியாக இருந்தது சில மணி நேரப் பாடமாகச் சுருங்கியது உண்மை. ஆனால் பிள்ளைகள் இடம் மாறிவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கேற்ப வடிவத்தை மாற்றிக்கொண்டதால் அந்தப் பெயரின் கீழ் இன்றும் தமிழ் வகுப்பு நடக்கிறது.

அதையும் மிகையாகப் புகழ்ந்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2010-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. பாட நேரத்தால் மட்டும் வீட்டு மொழியைக் காப்பாற்ற முடியாது. நம் நாட்டில் தொடக்கப்பள்ளி முழுதும் தமிழில் நடக்கிறது என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அந்த எண்கள் எனக்கு உணர்த்தின.

நாம் செய்யக்கூடியவை

பெரிய தீர்மானங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஒரு வகுப்பாசிரியராகவும் ஒரு தந்தையாகவும் நான் கற்றவை இவை:

1. ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, யார் எந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறார்கள் என்று பாருங்கள். அங்குத் தமிழ் வகுப்பு உண்டா? 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு தொடங்க வழி இருக்கிறது. அந்தப் பதினைந்து பேரைச் சேர்த்துவிட வேண்டியது நம் கடமை. நடுப்படியைக் கட்ட முடியாவிட்டாலும் ஒரு பலகையையாவது போட்டுவைக்கலாம்.

2. எண்ணிக்கை குறைந்த பிறகு அழுவதைவிட, பள்ளியைச் சுற்றியுள்ள வீடமைப்புகளில் எத்தனை இளங்குடும்பங்கள் உள்ளன என்று முன்கூட்டியே கணக்கெடுப்பது நல்லது. இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு மாதத்தில் செய்துவிடலாம்.

3. போக்குவரத்தைச் சிறிய செய்தியாக நினைக்காதீர்கள். ஒரு வேன் பல பிள்ளைகளைக் கொண்டுவரும்.

4. பள்ளியைப் பற்றி நாமே தாழ்வாகப் பேசுவதை நிறுத்தவேண்டும். குறை இருந்தால் பள்ளிக்குள் வந்து பேசுவோம்.

5. பழைய மாணவர் பதிவேடுகளைப் பாதுகாத்து வையுங்கள். இன்று நாம் தூக்கி எறியும் கரையான் அரித்த ஏடு, நாளை ஓர் ஊரின் வரலாறு.

அந்தத் தாயாரை அண்மையில் சந்தையில் மீண்டும் பார்த்தேன். மகள் சீனப்பள்ளியில் நன்றாகப் படிக்கிறாளாம். "இன்னும் ஒரு சின்னவன் இருக்கான் சார், நாலு வயசு" என்றார். இம்முறை என்னிடம் ஒரு விடை இருந்தது. "ஆறாம் ஆண்டுக்குப் பிறகு தமிழில் படிக்கப் பள்ளி இல்லைம்மா. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் ஒன்று இருந்தது. ஆனால் அடுத்த பள்ளியில் அவன் தமிழை விடாமல் இருக்க நான் கூட நிற்கிறேன். பதினைந்து பெயர் சேர்ப்பது என் பொறுப்பு" என்றேன்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "பார்க்கலாம் சார்" என்றார்.

சின்னவனுக்கு ஏழு வயதாக இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை எங்கள் பள்ளி இருக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரிய நண்பன்